ஓட்டைக் காலணாவும் அச்சுப் பிழையும்

காஞ்சிபுரத்துப் பழைய வீடுகளில் பூஜை மாடத்துச் செம்பிலோ தறிக்கூடத்து மரப்பெட்டியிலோ தங்கிப்போன சில்லறையைக் கொட்டிப் பார்த்தால், ஓட்டை விழுந்த காசு ஒன்றிரண்டு பெரும்பாலும் அகப்படும். புதிதாகக் காசு சேர்க்கத் தொடங்கியவர் முதலில் கையில் எடுப்பதும் அதைத்தான். அப்படிக் கிடைக்கும் ஓட்டைகள் எல்லாம் ஒரே கதையைச் சொல்வதில்லை.

1943 முதல் 1947 வரை வெளிவந்த வெண்கலக் காலணாவின் நடுவில் வட்டமான பெரிய துளை உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது உலோகத்தை மிச்சம்பிடிக்க அரசே செய்த ஏற்பாடு அது. அதற்கு முந்தைய காலணா ஏறக்குறைய 4.9 கிராம் எடை; ஓட்டைக் காலணா சுமார் 2 கிராம்தான். கோடிக்கணக்கில் அடித்த அந்தக் காசில் துளை இருப்பது இயல்பு. இன்னொரு காசில், குழந்தையின் அரைஞாணில் கோப்பதற்காக யாரோ பிற்பாடு ஆணி வைத்துக் குத்தியிருப்பார்கள். அது சேதம். மிக அரிதாக, 1944ஆம் ஆண்டு ஓட்டைக் காலணா ஒன்றில் துளை நடுவை விட்டு விலகி எழுத்துகளின் மேல் ஏறியிருக்கும். அதுதான் அச்சுப் பிழை.

பின்னால் சொன்ன இரண்டையும் பிரித்தறிவது எப்படி? உருப்பெருக்கியில் துளையின் உதட்டைப் பார்க்க வேண்டும். நாணயச்சாலையில் முதலில் துளை போட்டுவிட்டுப் பிறகுதான் அச்சடிப்பார்கள். பல டன் அழுத்தம் விழும்போது உலோகம் துளையை நோக்கி நகரும். துளையோரம் வழவழப்பாக மழுங்கும், பக்கத்து எழுத்து சற்று இழுபட்டிருக்கும். பிற்பாடு குத்திய துளையில் பிசிறு நிற்கும். எழுத்து கத்தியால் வெட்டியதுபோல் பாதியில் அறுந்திருக்கும். ஆணி அடித்திருந்தால் ஒருபுறம் குழிந்து மறுபுறம் புடைத்திருக்கும். அச்சுப் பிழைகளைத் தேடும் கலை முழுவதும் இந்த ஒரு கேள்விக்குள் அடங்குகிறது: இது நாணயச்சாலைக்குள் நேர்ந்ததா, வெளியே வந்த பிறகு நேர்ந்ததா?

நாணயச்சாலைக்குள் என்றால் எந்தக் கட்டத்தில் என்பது அடுத்த கேள்வி. காஞ்சி நெசவாளருக்கு இதை விளக்கவே வேண்டாம். ஜக்கார்டு அட்டையில் ஒரு துளை தப்பினால் அந்தத் தப்பு புடவை நெடுக ஒவ்வொரு புட்டாவிலும் வரும். அடுத்த புடவையிலும் வரும். பாவு இழையே பழுதானால் அதன் தடம் வேறு. ஊடை ஒருமுறை தவறினால் அந்த ஓர் இடத்தோடு சரி. வாங்கிப்போனவர் வீட்டு ஆணியில் மாட்டிக் கிழிந்ததற்கும் தறிக்கும் சம்பந்தமே இல்லை. காசிலும் அச்சுக் கட்டையில் உள்ள குறை அதில் அடித்த எல்லாக் காசிலும் தொடரும். அச்சு விழும் முன் வெறும் உலோக வட்டாக இருக்கும் வில்லையில் உள்ள குறை அந்த வில்லையோடு முடியும். அடிக்கும் கணத்தில் நேர்ந்த பிசகு பெரும்பாலும் ஒரே காசில்தான் இருக்கும். ஒருவர் காட்டும் பிழையைப் போலவே அச்சு அசலாக இன்னொரு காசு வேறு ஊரில் கிடைத்தால், அது அச்சுக் கட்டையிலிருந்து வந்தது என்று நம்பலாம். அதே இடத்தில் அதே கீறல் இரண்டு காசுகளில் தற்செயலாக விழாது.

ஆனால் எல்லாக் காலத்துக் காசுக்கும் இந்த அளவுகோல் பொருந்தாது. காஞ்சியைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட பல்லவரின் காளை பொறித்த செப்புக் காசுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ‘தினமலர்’ ஆசிரியராக இருந்த நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி சங்க காலக் காசுகளைப் போலவே பல்லவர் காசுகளையும் ஆராய்ந்து நூல் எழுதியவர். அக்காலத்துச் சிறு காசுகளில் காளையின் தலை இருந்தால் வால் இராது. வால் இருந்தால் கால் இராது. அச்சு பெரியது, வில்லை சிறியது, அடித்தது கை. பின்னாளில் பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியில் வெளியிட்ட செப்புக் காசும் அப்படியே. ஒருபுறம் லில்லிப் பூ, மறுபுறம் தமிழில் புதுச்சேரி என்ற ஊர்ப்பெயர். அந்தப் பெயர் முழுசாக விழுந்த காசு கிடைப்பதுதான் அபூர்வம். இவற்றை ‘மையம் விலகிய பிழைக் காசு’ என்று கூடுதல் விலை சொல்லி விற்பவரை நம்ப வேண்டாம். கையால் அடித்த காசில் மையம் விலகுவது இயல்பு. நேராக விழுந்ததற்குத்தான் மதிப்பு அதிகம்.

பிழை என்று ஒன்றைச் சுட்ட வேண்டுமானால் பிழையில்லாதது எது என்று முதலில் நிலைபெற வேண்டும். தென்னாட்டுச் சில்லறையில் அந்த நிலைபேற்றைக் கொண்டுவந்தது நீராவி இயந்திரம். சென்னை மாகாணத்துக்காகக் கிழக்கிந்தியக் கம்பெனி 1803, 1808 ஆண்டுகள் பொறித்த செப்புக் காசுகளை இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் அருகே மேத்யூ போல்ட்டனின் சோஹோ நாணயச்சாலையில் அடித்து வாங்கியது. 10 காசு, 20 காசு என்று ரோமன் இலக்கமும் பாரசீக எழுத்தும் தாங்கிய அவை ஒவ்வொன்றும் ஒரே வட்டம், ஒரே தடிமன். அவற்றை ஏற்றிவந்த ‘அட்மிரல் கார்ட்னர்’ கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோரக் குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. 1985இல் காசுகளை மீட்டார்கள். இன்று சந்தையில் கிடைக்கும் பளிச்சென்ற 1808ஆம் ஆண்டுக் காசுகள் பல அந்தக் கப்பலில் இருந்து வந்தவை. உப்புநீர் அரித்த குழிகளை அவற்றில் பார்த்துவிட்டு வில்லைப் பிழை என்று எண்ணிவிடக் கூடாது.

அதே காலத்தில், 1807ஐ ஒட்டி, சென்னையிலும் இயந்திர அடிப்பு தொடங்கியது. கோபுரம் பொறித்த வெள்ளி அரை வராகன், கால் வராகன் காசுகள் அப்போதைய வெளியீடு. அரை வராகன் சிலவற்றில் கோபுரத்துக்கு அடியில் ஏதோ லத்தீன் எழுத்தின் நிழல் தெரியும். ஸ்பானிய அமெரிக்காவின் 8 ரியால் வெள்ளி நாணயத்தின் மேலேயே அடித்ததால் பழைய முத்திரை முழுதும் அழியாமல் நின்றுவிட்ட தடம் அது. இரட்டை அடிப்புப் பிழை போலத் தோன்றினாலும், தெரிந்தே செய்த வேலை. கோபுரத்துக்குக் கீழே ஒளிந்திருக்கும் கடல் கடந்த வணிகத்தின் வரலாறு என்னை ஒவ்வொரு முறையும் வியக்கவைக்கிறது.

புதியவருக்கு நான் பரிந்துரைப்பது இவ்வளவு பழையதை அல்ல. 1957 முதல் 1990கள் வரையிலான பைசாக் காசுகள்தான் கற்றுக்கொள்ளச் சிறந்த களம். மலிவு, ஏராளம், வடிவம் பலவிதம். 1957 ஏப்ரல் 1ஆம் தேதி ரூபாய் நூறு நயா பைசாவானது. 1964 ஜூனில் ‘நயா’ போனது. சதுர 5 பைசா, நெளிவிளிம்பு 2 பைசாவும் 10 பைசாவும், 1964இல் வந்த அறுகோண 3 பைசா, 1982இல் வந்த அறுகோண 20 பைசா என்று எழுதப்படிக்கத் தெரியாதவரும் தடவியே கண்டுபிடிக்கும்படி வகுத்திருந்தார்கள். 25 பைசாவும் அதற்குக் கீழானவையும் 2011 ஜூன் 30 முதல் செல்லாமல் போயின.

முதலில் சரியான காசின் எடையும் அளவும் மனப்பாடம் ஆக வேண்டும். வெண்கல ஒரு நயா பைசா 1.5 கிராம், குறுக்களவு 16 மி.மீ. நிக்கல் 25 நயா பைசா 2.5 கிராம், 19 மி.மீ. அலுமினிய ஒரு பைசா முக்கால் கிராம். காண்டாமிருகம் பொறித்த எஃகு 25 பைசா 2.83 கிராம், அதே காலத்து எஃகு 10 பைசா 2 கிராம், 16 மி.மீ. தாம். 25 பைசா முத்திரை ஓரங்கள் வெட்டுப்பட்டு ஒரு சிறிய வில்லையில் விழுந்திருந்து, எடையும் 2 கிராம் காட்டினால், 10 பைசா வில்லை தவறிப்போய் 25 பைசா அச்சுக்குள் விழுந்திருக்கலாம் என்று சந்தேகிக்க இடமுண்டு. 0.01 கிராம் காட்டும் தராசு இல்லாமல் இந்த வேலையில் இறங்குவதில் பயனில்லை. ஜரிகையைக் கிராம் கணக்கில் நிறுத்து வாங்கும் ஊரில் அதற்குப் பஞ்சமும் இல்லை. உலோகமே மாறியிருப்பதாகத் தோன்றினால், காசைச் சுரண்டாமலே உள்ளிருப்பதைச் சொல்லும் எக்ஸ் கதிர் ஒளிர்வுக் கருவி இருக்கிறது. ஜரிகையில் தங்கமும் வெள்ளியும் எவ்வளவு என்று சோதிக்கும் அதே நுட்பம்.

இனிப் பிழைகளுக்கு வருவோம். எனக்கு மிகப் பிடித்தது, ஏமாற்றுவதற்கும் மிக வாகானது, விளிம்பில் பிறை வடிவில் கடித்தெடுத்ததுபோல் இருக்கும் காசு. உலோகத் தகட்டிலிருந்து வில்லைகளை வெட்டும்போது தகடு சரியாக நகராவிட்டால், முன்பு வெட்டிய ஓட்டையின் மேலேயே வெட்டுக்கருவி மறுபடி விழும். வில்லையில் ஒரு பிறை குறையும். அதன் பிறகு வில்லையை உருட்டி விளிம்பைத் தூக்கிவிடுவார்கள். அங்கேதான் சாட்சி உருவாகிறது. பிறை விழுந்த இடத்தில் கருவிக்குப் பிடிமானம் இல்லாததால், அதற்கு நேர் எதிர்ப்புறத்திலும் அழுத்தம் போதாமல் விளிம்பு சரியாக எழும்பாது. அச்சடித்த பிறகும் அந்த எதிர்ப்புற விளிம்பு மங்கலாகவே நிற்கும். இதைப் பிளேக்ஸ்லி விளைவு என்பார்கள். எல்லா மெய்யான வெட்டிலும் இது துலக்கமாகத் தெரியும் என்று சொல்ல முடியாது. ஆனால் தெரிந்தால் வலுவான சான்று. அரத்தால் ராவிப் பிறை செய்தவருக்கு எதிர்ப்புற விளிம்பு ஞாபகத்துக்கு வராது; வந்தாலும் அதை அப்படி மங்கவைக்க முடியாது. பிறையை ஒட்டிய எழுத்துகளையும் பாருங்கள். மெய்யான வெட்டில் அவை பிறையை நோக்கி இழுபட்டு மெலியும். ராவியதில் நல்ல உயரத்தோடு வந்து சட்டென்று முடியும். நெளிவிளிம்பு 10 பைசாவில் இதைத் தேடுபவர் இன்னும் நிதானமாக இருக்க வேண்டும்: ஒரு நெளிவு அதிகம் தேய்ந்திருப்பதும் பிறை வெட்டும் வெறும் கண்ணுக்கு ஒன்றுபோல் தெரியும்.

காசின் முகத்தில் ஒரு கோடு ஓடினால் அது மேடா பள்ளமா என்று பார்த்தால் போதும், பாதித் தீர்ப்பு கிடைத்துவிடும். எஃகு அச்சில் விரிசல் விட்டால் உலோகம் அதற்குள் ஏறும். காசில் அது மேடான கோடாக விழும். கீறல் எப்போதும் பள்ளம். விரிசல் முற்றி அச்சின் ஓரத்துண்டு உடைந்து விழுந்தால், காசின் விளிம்போரம் முத்திரையே இல்லாத ஒரு புடைப்பு நிற்கும். ஒரே அச்சில் அடித்த காசுகளைத் தேடிச் சேர்த்து, விரிசல் மயிரிழையாகத் தொடங்கிப் புடைப்பாக முடியும்வரை வரிசைப்படுத்தினால், அந்த அச்சின் ஆயுள் முழுவதும் மேசைமேல் விரிந்துகிடக்கும். ஐந்து பைசாக் காசில் இப்படி ஒரு வரிசை அமைவது, விலை உயர்ந்த ஒற்றைக் காசு வாங்குவதைவிடப் பெரிய சாதனை என்பேன்.

எழுத்து காணாமல் போவது இன்னொன்று. எண்ணெய்ப் பிசுக்கும் தூசும் அச்சின் குழிக்குள் அடைந்தால் அந்த எழுத்து மட்டும் விழாது, அல்லது அரைகுறையாக விழும். தேய்ந்த காசிலும் எழுத்து காணாமல் போகும். ஆனால் தேய்மானம் முகத்தின் உயரமான இடங்களையெல்லாம் சேர்த்தே தின்னும். சிங்க முகத்தின் பிடரி கூர்மையாக இருக்க ஒரே ஒரு எழுத்து மட்டும் தேயாது.

எழுத்து இரட்டையாகத் தெரிவதில்தான் புதியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். அச்சுக் கட்டையைத் தயாரிக்கும்போதே முத்திரை இரண்டு முறை விலகி விழுந்திருந்தால், காசில் இரண்டு எழுத்தும் திரண்ட உருவோடு, முனைகள் தனித்தனியாகப் பிளந்து தெரியும். இது மதிப்புள்ளது. அடித்து முடிக்கும் நொடியில் அச்சு சற்று ஆடினால், எழுத்தின் ஓரம் நசுங்கித் தட்டையான படிக்கட்டுபோல் ஒரு நிழல் விழும். இது சர்வ சாதாரணம். இணையத்தில் ‘டபுள் டை’ என்று விலை போடுபவற்றில் நான் பார்த்தவை பெரும்பாலும் இந்தத் தட்டை நிழல்கள்தாம்.

முன் அடித்த காசு அச்சிலேயே ஒட்டிக்கொண்டுவிட, அடுத்த வில்லை அதன்மேல் அடிபட்டால் ஒருபுறம் சரியான முத்திரையும் மறுபுறம் அதே முத்திரையின் குழிந்த கண்ணாடிப் பிம்பமும் விழும். கண்ணைக் கவரும் பிழை. ஆகவே போலியும் உண்டு: இரண்டு காசுகளைச் சேர்த்து வைத்துப் பட்டறை இடுக்கியில் நசுக்கினால் போதும். அப்படிச் செய்ததில் குழிந்த பிம்பத்துக்கு அடியில் அந்தப் பக்கத்தின் சொந்த முத்திரை நசுங்கியபடி மிச்சமிருக்கும், மறுபக்கமும் தட்டையாகியிருக்கும். மெய்யானதில் மறுபக்கம் முழு உயரத்தோடு நிற்கும்.

அச்சு திரும்பிய பிழையை வீட்டுக் குழந்தையே சோதிக்கலாம். காசின் தலையையும் காலையும் இரு விரலால் பிடித்து, பக்கவாட்டில் சுழற்றுங்கள். சிங்கம் நேராக நின்றதுபோலவே மறுபக்கத்து எண்ணும் நேராக நிற்க வேண்டும். சில பாகை சாய்வதைப் பொருட்படுத்த வேண்டாம். கால் வட்டம், அரை வட்டம் திரும்பியிருந்தால் எடுத்துவையுங்கள்.

பிழையே இல்லாதவற்றைப் பிழை என்று நம்புவதும் பெரிய சிக்கல். கொல்கத்தாவில் அடித்த காசில் நாணயச்சாலைக் குறி கிடையாது. குறி விடுபட்டதாகப் பதற வேண்டாம். மும்பைக்கு வைரம், ஹைதராபாத்துக்கு நட்சத்திரம், 1988இல் தொடங்கிய நொய்டாவுக்குப் புள்ளி. 1985இல் சில்லறைத் தட்டுப்பாட்டைச் சமாளிக்க வெளிநாடுகளிலும் அடித்து வாங்கினார்கள்: 25 பைசாவில் ஆண்டுக்குக் கீழே ‘சி’ இருந்தால் கனடாவின் ஒட்டாவா, 50 பைசாவில் ஆண்டின் ஓர் இலக்கத்துக்குக் கீழே நட்சத்திரம் இருந்தால் தென் கொரியா. 1962ஆம் ஆண்டு ஒரு நயா பைசா வெண்கலத்திலும் வந்தது, மஞ்சள் நிற நிக்கல் பித்தளையிலும் வந்தது. 1960களின் 25 பைசா காந்தத்தில் ஒட்டினால் அது சுத்த நிக்கல் என்று பொருள். 1972இல் தொடங்கிய செப்பு நிக்கல் காசு ஒட்டாது. 1911ஆம் ஆண்டு ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் அரச உடைமேல் இருந்த யானை பன்றிபோலத் தெரிகிறது என்று எதிர்ப்பு எழ, பெரும்பகுதியைத் திரும்பப் பெற்று உருக்கினார்கள். அவ்வாண்டுக் காலணாவிலும் அதே யானைதான். அது வரைந்தவரின் கைத்தவறு, அடித்தவர்மேல் குற்றமில்லை.

கோயில் ஊர்க் காசுக்கென்றே சில சேதங்கள் உண்டு. யாக குண்டத்தில் பூர்ணாகுதியோடு விழுந்த காசை நெருப்பு கொப்புளம் கொப்புளமாக்கிவிடும். உலோகத் தகடு உரிந்த பிழைபோலவே அது தெரியும். கோயில் குளத்துச் சேற்றில் பல ஆண்டு கிடந்த அலுமினியக் காசில் புழு அரித்ததுபோல் பள்ளங்கள் விழும். சாம்பிராணிப் புகையும் குங்குமமும் நெய்யும் சேர்ந்து வெண்கலத்தில் கறுத்த படலம் கட்டும். இவற்றைவிடப் பெருங்கேடு புளி. பூஜைப் பாத்திரத்தோடு சேர்த்து நயா பைசாவையும் புளி போட்டுத் தேய்த்தால் அது பளபளக்கும். அச்சு விட்டுச்சென்ற மெல்லிய மேற்பரப்பு அதோடு போய்விடும். மேலே சொன்ன எந்தச் சான்றையும் பிறகு அதில் படிக்க முடியாது. அழுக்கு அதிகமானால் சுத்தமான தண்ணீரில் ஊறவைத்து, தேய்க்காமல் உலர்த்துங்கள். அதற்குமேல் எதுவும் செய்ய வேண்டாம்.

விலை பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐந்து பைசாவுக்கு ஐந்து லட்சம் என்று காணொளியில் கூவுகிறவர்கள் காசு வாங்குவதில்லை. ‘பதிவுக் கட்டணம்’ வாங்குகிறார்கள். பழைய நோட்டு, நாணய விற்பனைக்குத் தன் பெயரைச் சொல்லிக் கட்டணமும் வரியும் கேட்கும் கும்பல்களை நம்பாதீர்கள் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்ட் 4ஆம் தேதி எச்சரித்தது. அச்சுப் பிழைக் காசுக்கு நிலையான விலைப்பட்டியல் கிடையாது. விரும்பும் இருவர் சந்தித்தால்தான் விலை. நூறாண்டு கடந்த காசு 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். வெளிநாட்டுக்காரர் அதிக விலை தருகிறார் என்று அனுப்பிவைப்பது குற்றம்.

பிழைக் காசு கையில் வந்ததும் செய்ய வேண்டியது பதிவு. இருபுறமும் விளிம்பும் தெரியப் படம், எடை, குறுக்களவு, ஆண்டு, நாணயச்சாலைக் குறி, அச்சு திரும்பிய கோணம், எங்கே யாரிடம் எப்போது கிடைத்தது என்ற குறிப்பு. அதே ஆண்டின் நல்ல காசு ஒன்றும் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஒப்பிட அது இல்லையென்றால் பிழையை யாருக்கும் நிரூபிக்க முடியாது. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் நாணயத் தொகுப்பு பழைய காசுகளில் கண்ணைப் பழக்க நல்ல இடம். பைசாக் காலத்துக்கு அப்படிப்பட்ட பள்ளி, நம் வீட்டு டப்பாக்களும் பழைய பாத்திரக் கடைகளும்தான். செல்லாத அலுமினியக் காசு அங்கே கிலோ கணக்கில் எடைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. 1964க்கும் 1990க்கும் இடையே எந்த நாணயச்சாலையில் எந்த அச்சு எப்போது விரிசல் விட்டது, எந்த ஆண்டில் வில்லைகள் அதிகம் பழுதாயின என்ற கேள்விகளுக்கு விடை சொல்லக்கூடிய பொருள் அந்தக் குவியல்களில்தான் இருக்கிறது. தராசோடும் உருப்பெருக்கியோடும் அங்கே போய் உட்கார்ந்து, உருக்குவதற்கு முன் ஒவ்வொரு குவியலையும் ஒருமுறை புரட்டிப் பார்க்க ஊருக்கு இரண்டு பேர் கிடைத்தால் இன்றே தொடங்கிவிடலாம்.